அடிக்கக் கூடாத இரண்டு

“இன்னிக்கு இதுவும் அமையலைன்னா பிள்ளையக் கொண்டுபோய் உங்கம்மாகிட்டயே விட்டுடுறேன், போதுமா” என்று தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் போனில் சொன்னது. குழாயைத் திருகப்போன மாரீஸ்வரி கையை எடுக்காமல் நின்றாள். திருகினால் இந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிந்துவிடும். திருகாவிட்டால் ஒட்டுக்கேட்பதாக ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவதும், கைப்பையின் ஜிப்பை இழுப்பதும், செருப்புச் சத்தம் ஆபீஸ் பக்கம் போவதும் கேட்டன. முகம் தெரியவில்லை. பீஸ் விஷயமாக வந்த யாரோ ஒரு அம்மா என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே வகுப்புக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு ‘பி’. அவளுடைய வகுப்பு, ஆனால் இந்தப் பீரியட் மட்டும் அவளுடையது அல்ல. காலையிலேயே பிரின்சிபால் மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். பி.எட். முடித்த ஒருவர் டெமோ கிளாஸ் எடுக்க வருகிறார், அயனிச் சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதுவதைத்தான் எடுக்கப் போகிறார், நீயும் பின்னால் உட்கார்ந்து பார் என்று. மாரீஸ்வரி எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், பி.எட். இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போதெல்லாம் அந்த ‘இல்லை’யைத்தான் முதலில் கேட்பார்கள். மேடம் கெட்டவர்கள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நான் இங்கிலீஷ் டீச்சர்மா. எனக்கு இந்த பிளஸ் மைனஸ் எல்லாம் ஒண்ணும் புரியாது. பாடத்துல தப்பு இருந்தா நீதான் சொல்லணும். தப்பு இருந்துச்சுன்னா அவங்க வேண்டாம், இந்த வருஷம் நீயே ஓட்டிடு” என்றார்கள். அதைக் கேட்டபோது அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து நின்றதும், உடனே வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டதும் உண்மை. இப்போது கடைசி பெஞ்சில் பையன்களைத் தள்ளி உட்காரச் சொல்லி அவள் முழங்காலை மடக்கி நுழைந்துகொண்டிருந்தபோது, மேடம் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், மேடைமேல் இளநீலக் காட்டன் புடவையில் ஒரு பெண் ஏறி, “உக்காருங்க பிள்ளைகளா. என் பேரு சுகிர்தா” என்றாள். அந்தக் குரல். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

போதுமா என்று கேட்ட வாய்தான் இப்போது சிரிக்கிறது என்று மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெஞ்சு தாழ்வாக இருந்தது. டெஸ்க்கில் காம்பஸ் முனையால் யாரோ ஒரு பேரைக் கீறி, அதை இன்னொருவன் கீறி அழித்து, அழித்ததன்மேல் மூன்றாமவன் கிரிக்கெட் மட்டை வரைந்திருந்தான். யாருடைய பையிலிருந்தோ புளிச்சாதத்தின் வாசனை வந்தது. தலைக்கு நேர்மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்சநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: ஜூன் மாதத்திலிருந்து இந்த வகுப்பில் நிற்கிறாள், ஒருநாள் கூட இங்கே வந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. இங்கே உட்கார்ந்தால் மின்விசிறிதான் பாடம் நடத்துகிறது. அதைத் தாண்டி அவள் குரல் இத்தனை மாதத்தில் எப்போதாவது இந்த பெஞ்சு வரை வந்திருக்குமா? பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஒருவர், மிஸ் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள், போர்டுக்கா பிள்ளைகளுக்கா என்று கேட்டதும், எல்லோரும் சிரித்ததும், அவளும் சிரித்து வைத்ததும் ஞாபகம் வந்தன. அவள் குரல் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் அரைக்கிலோ சீனி கேட்டால் மற்றவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகுதான் அண்ணாச்சிக்குக் காது கேட்கும். சத்தமாகப் பேசினால் ஏதோ உடைந்துவிடும் என்று ஒரு பயம். எது உடையும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுகிர்தாவின் குரல் மின்விசிறியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகவேல் அவள் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, “மிஸ், இந்த மிஸ் சொல்றது இங்க வரைக்கும் கேக்குது மிஸ்” என்றான். அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல சேதியைச் சொல்வது மாதிரித்தான் சொன்னான். மாரீஸ்வரி தலையாட்டினாள்.

போர்டில் நடுவாக ஒரு பெரிய பூச்சியம் போட்டிருந்தது. வாய்பாடு எழுதுவது என்றால் இந்தப் பூச்சியத்துக்கு வந்து சேர்வதுதான், வேறு ஒன்றுமே இல்லை என்றாள் சுகிர்தா. சோடியத்திடம் ஒரு பிளஸ், குளோரினிடம் ஒரு மைனஸ். கூட்டினால் பூச்சியம். ஒன்றுக்கு ஒன்று போதும். மெக்னீசியத்திடம் இரண்டு பிளஸ், குளோரினிடம் ஒரே மைனஸ், போதுமா? போதாது மிஸ் என்றது வகுப்பு. அப்போ? இன்னொரு குளோரினைக் கூப்பிடணும் மிஸ். போதுமா என்ற அந்தச் சொல் ஒவ்வொரு தடவை வரும்போதும் மாரீஸ்வரிக்குத் தொட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டதுதான் திரும்பக் கேட்டது. உங்கம்மாகிட்டயே விட்டுடுறேன், போதுமா. அந்தப் பக்கத்தில் இருந்தவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? போனை வைத்திருப்பான். அலுமினியத்திடம் மூன்று பிளஸ், ஆக்சிஜனிடம் இரண்டு மைனஸ். மூன்றும் இரண்டும் எங்கே சந்திக்கும்? ஆறில் மிஸ். அப்போ அலுமினியம் எத்தனை பேர் வரணும், ஆக்சிஜன் எத்தனை பேர் வரணும்? முதல் வரிசை யோசித்தது. நடுவரிசையிலிருந்து இதுவரை வாயே திறந்திராத ஒரு பெண், ரெண்டு, மூணு மிஸ் என்றாள். மாரீஸ்வரி அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தது கைவித்தை. இடது கையில் உலோகத்தின் எண்ணை விரலில் காட்டு, வலது கையில் மற்றதன் எண்ணைக் காட்டு, இப்போது கைகளைக் குறுக்கே போடு, இடது கை எண் வலது பக்கத்துக்கு, வலது கை எண் இடது பக்கத்துக்கு. மெக்னீசியத்தின் இரண்டு ஆக்சிஜனுக்குப் போகும், ஆக்சிஜனின் இரண்டு மெக்னீசியத்துக்கு வரும், இரண்டும் இரண்டும் இருந்தால் அடி. அடிச்சாச்சா? அடிச்சாச்சு மிஸ். அந்தப் பதில் ஒன்றுதான் அவள் வகுப்பில் சத்தமாக வரும். அவள் குரல் போகாத இடத்துக்குப் பிள்ளைகளின் குரலை அனுப்பிவைத்தாள் என்று கூடச் சொல்லலாம். பரீட்சையில் எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். ஆனால் ஏன் கையைக் குறுக்கே போடுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பூச்சியம் என்ற ஒன்று அங்கே உட்கார்ந்திருப்பதே இன்றைக்குத்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இவள் நல்ல டீச்சர் என்று அவள் மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலும் மெல்லியதுதான். ஆனால் அவளுக்குக் கேட்டது.

நல்ல டீச்சர் வந்தால் நான் எங்கே போவேன் என்ற இடத்துக்கு மனம் வந்தபோது, அது போய் நின்றது பள்ளிக்கூட வாசலில் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டின் வாசலில். போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, பட்டாசு ஆலை ஆபீஸில் ஏஜெண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர். கெமிஸ்ட்ரி படித்த ஆள் ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்கிறார், பேருக்கு உட்கார்ந்தால் போதும், கையெழுத்து மட்டும் போட்டால் போதும், வெயில் கிடையாது, கத்த வேண்டியதில்லை, நம்ம பிள்ளை குணத்துக்கு அதுதான் தோது என்றார். அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துப்போய்விட்டது. கத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் என்றைக்கு இருந்தாலும் அனுப்பத்தான் போகிறார்கள், அதுவரைக்கும் எதற்கு இழுத்துக்கொண்டு என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்க, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெழுகு மாதிரி வழவழப்பாக இருக்கும். ஸ்பூனைக் கட்டைவிரல் இடுக்கில் செருகிக்கொண்டு சாப்பிடுவார். இருபது வருஷம் மருந்து கலக்கியவர்; இந்த ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் பொடி. தீ எப்படிப் பிடித்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. மாமா பேசி முடித்ததும் அப்பா தட்டைத் தள்ளிவைத்து எழுந்தார். “அவதான் ஸ்கூலுக்குப் போறாள்ல” என்றார். அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆனால் ஸ்கூல் இல்லை என்று ஆகிற அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையும் இல்லாமல் போகும். பிறகு அப்பா எதைச் சொல்லித் தடுப்பார்? அவள் அந்த ஷெட்டைப் பார்த்திருக்கிறாள், சின்னப்பிள்ளையில் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனபோது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் எதையும் இழுக்காமல், ஓசை எழாமல் நடக்கும் மனிதர்கள். அங்கே எல்லோருடைய குரலும் அவள் குரல் மாதிரிதான் இருந்தது. அந்த ஞாபகம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“மிஸ், பேரியம் நைட்ரேட் போடுங்க மிஸ்” என்று பக்கத்தில் சண்முகவேல் எழுந்து கேட்டான். வகுப்பு சிரித்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று சுகிர்தா கேட்க, எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் மிஸ், பச்சை வர்றது அதுலதான் என்றான். இவளுக்கு இந்த ஊர் புதிது என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. இங்கே குழந்தைகளுக்கு வாய்பாடு தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். பேரியத்திடம் இரண்டு பிளஸ். நைட்ரேட் ஒரு கூட்டம்; ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன், எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு மைனஸ். அப்படியானால் எத்தனை கூட்டம் வரணும்? ரெண்டு மிஸ். ரெண்டு கூட்டம் வரும்போது யாரும் யாரோடும் கலந்துவிடக் கூடாது, அதனால் அடைப்புக்குறி போட்டு வெளியே இரண்டு என்று எழுதணும் என்று சொல்லியபடி சுகிர்தா கையை உயர்த்தினாள். அப்போதுதான் மாரீஸ்வரி பார்த்தாள். புடவை முந்தானையை இழுத்து, மடிப்பை அகலமாக விட்டு, தோளில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. ஆனாலும் கை உயரும்போது மடிப்பு விலகி, ரவிக்கையில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. சுகிர்தா உடனே கையைத் தாழ்த்திக்கொண்டாள். மீதியை, போர்டின் கீழ்ப்பாதியில், முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து எழுதினாள். மேடம் பார்த்திருக்க மாட்டார்கள். பையன்களுக்குத் தெரிந்திருக்காது. மாரீஸ்வரிக்கு முகம் சுட்டது, தன்னுடைய ரவிக்கைதான் நனைந்துவிட்டது போல. பால்குடி மறக்காத பிள்ளை. அதைத்தான் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றாளா? இந்நேரம் அது எங்கே, யார் மடியில் கிடக்கிறதோ? பஸ் ஸ்டாண்டில் அவள் புருஷன் தோளிலா, யாராவது தெரிந்தவர்கள் வீட்டிலா? காலையில் எத்தனை மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்? அது அழுகிறதோ என்னவோ, இங்கே இவளுடைய உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு அப்படி நடக்கும். சமையல்கட்டில் நிற்கும்போதே, “முழிச்சிட்டான் போல” என்பாள், உள்ளே போய்ப் பார்த்தால் முழித்திருப்பான். போர்டில் பேரியமும் இரண்டு அடைப்புக்குறிகளும் கோணலாக நின்றன. யாரும் யாரோடும் கலந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று என்று புத்தகத்தைப் புரட்டி, பயிற்சிக் கேள்விகளில் ஒன்றைச் சுகிர்தா வாசித்தாள்: மெர்குரஸ் குளோரைடு. வாசித்துவிட்டு, யோசிக்காமல், பழகிய கையாக, Hg₂Cl₂ என்று எழுதினாள். சரி, என்று மாரீஸ்வரி மனத்துக்குள் டிக் போட்டாள். முன்வரிசையில் கனிஷ்காவின் கை ரிப்பனோடு சேர்ந்து எழுந்தது. வகுப்பின் முதல் மாணவி. எதையும் விட மாட்டாள். “மிஸ், நீங்க அடிக்கல” என்றாள். எதை அடிக்கல? “அங்கயும் ரெண்டு இருக்கு, இங்கயும் ரெண்டு இருக்கு. ரெண்டும் ரெண்டும் வந்தா அடிக்கணும் மிஸ். எங்க மிஸ் எப்பவும் அடிக்கச் சொல்லுவாங்க.” உடனே வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. அடிக்கணும் மிஸ். அடிங்க மிஸ். மாரீஸ்வரி பழக்கிவைத்த அதே ராகம், அதே தாளம். சுகிர்தா போர்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். மாரீஸ்வரி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முதுகுக்குத் தெரியும். இது அடிக்கக் கூடாதது என்று கை ஒரு தடவை எழுதியிருக்கிறது, கை பொய் சொல்லாது. ஆனால் ஏன் கூடாது என்பது, எங்கேயோ காலேஜில் படித்தது, தூக்கமில்லாத எத்தனையோ இரவுகளுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது, கூப்பிட்ட உடனே வரவில்லை. அதற்குள் மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தித் தலை தூக்கினார்கள். சுகிர்தா அதைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் வாய் திறந்தது. பிறகு, “ஆமா, ஸாரி, மறந்துட்டேன். கரெக்ட்” என்று சிரித்து, டஸ்டரைக் கூட எடுக்காமல், ஈர உள்ளங்கையால் இரண்டு எண்களையும் துடைத்தாள். போர்டில் HgCl என்று நின்றது. துடைத்த இடம் கருப்பாக, ஈரமாக மின்னியது. பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். கனிஷ்கா திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்தாள். எப்படி மிஸ், விட்டுக்கொடுத்தேனா என்று கேட்கிற பார்வை.

தப்பு. பாடத்தில் தப்பு. தேடிக்கொண்டிருந்தது கையில் வந்து விழுந்துவிட்டது, அவள் ஒன்றும் செய்யவில்லை, தானாக விழுந்தது. பீரியட் முடிந்ததும் மேடம் கேட்பார்கள். ஒரு தப்பு மேடம், மெர்குரஸ் குளோரைடில் என்றால் போதும். அது பொய் இல்லை, கோள் சொல்வது இல்லை, சுத்தமான உண்மை. எந்தப் புத்தகத்தையும் திறந்து காட்டலாம். இந்த வருஷம் நீயே ஓட்டிடு. அப்பா கை கழுவப் போகலாம், மாமா வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்வதற்கு இத்தனை உறுத்துவானேன்? யார் அடிக்கச் சொன்னது? எங்க மிஸ். எங்க மிஸ் எப்பவும். அந்த எப்பவும் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. எப்பவும் இல்லை, பெரும்பாலும் என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால்? சொல்ல நேரமில்லை என்று இல்லை. விதிவிலக்கு என்று ஆரம்பித்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சத்தமாக விளக்க வேண்டும். அந்தப் பயத்துக்காகச் சொல்லாமல் விட்டது இப்போது இன்னொருத்தியின் கையைப் பிடித்து அழிக்க வைத்திருக்கிறது. இதில் மெர்குரி தனியாக வராது. மெர்குரஸ் என்னும்போது இரண்டு மெர்குரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கும், இரண்டும் சேர்ந்துதான் இரண்டு பிளஸ்ஸைச் சுமக்கும், அதனால் குளோரினும் இரண்டு வர வேண்டும். அந்த இரண்டை அடித்தால் அது எண்ணை அடிப்பது அல்ல, பிடித்திருக்கிற கையை வெட்டுவது. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. காலேஜ் லேபில் ஒருநாள் இதே வெள்ளை வீழ்படிவு அவள் சோதனைக் குழாயில் விழுந்து, அமோனியா விட்டதும் கன்னங்கரேலென்று ஆனது. யாருக்குக் கறுத்தது, கையைத் தூக்குங்கள் என்று சார் கேட்டார். அவள் ஒருத்திக்குத்தான் கறுத்திருந்தது. குழாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் வரலையா, சரி, எல்லோரும் திரும்பச் செய்யுங்கள் என்றார் சார். எல்லோரும் மணி அடித்த பிறகும் நின்று திரும்பச் செய்தார்கள், அவளும் செய்தாள். அதற்கும் முந்தி, அப்பாவைக் கட்டுப்போட்டுக் கூட்டிவந்த காய்ச்சல் நாட்களில் ஒருநாள் தெர்மாமீட்டர் அவள் கையிலிருந்து நழுவியது. சிமெண்டுத் தரையில் பாதரசம், இதே மெர்குரி, உருண்டு ஓடியது. திட்டு விழும் என்று பயந்துபோய், ஒரு கல்யாணப் பத்திரிகையை வளைத்து அதை ஒதுக்கினாள். இரண்டு துளிகள் பக்கத்தில் வரும்போது இரண்டும் நடுங்கின. அப்புறம் எப்போது சேர்ந்தன என்றே தெரியாமல் ஒன்றாகிவிட்டன, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொருக்கா செய்யி” என்றார். அவள் பிரித்துப் பிரித்துச் சேர்த்தாள். அந்த வாரத்தில் அப்பா பேசிய முதல் வார்த்தை அதுதான். இதெல்லாம் இப்போது எதற்கு? மேடம் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சும்மா இருந்துவிடலாம். சும்மா இருப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. தப்பு இல்லை மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் சுகிர்தாவுக்கு வேலை கிடைக்கும், அந்தப் பிள்ளை அம்மாவிடம் இருக்கும். ஆனால் இந்த வகுப்பு முழுக்க HgCl என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு போகும், அதைத் திருத்த அவள் இங்கே இருக்கமாட்டாள். தப்பு உண்டு என்று சொன்னால் நாளைக்கு வந்து அவளே திருத்திக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குச் சரியானது கிடைக்கும், அவளுக்கு வகுப்பு கிடைக்கும், அந்த ஈரம் மட்டும் எங்கோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போகும். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஏதோ ஒன்று மிஞ்சியது. பூச்சியத்துக்கு வரவே இல்லை.

சுகிர்தா கையில் ஒட்டிய சாக்பொடியைத் தட்டிக்கொண்டு, “வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டாள். அது முடிக்கும்போது எல்லா டீச்சரும் கேட்கிற கேள்வி. யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பென்சில் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தார்கள். மேடம் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். போர்டில் அந்த ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது. முழுக்கக் காய்ந்துவிட்டால் அங்கே இரண்டு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. மாரீஸ்வரிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம். உள்ளங்கை வியர்த்தது. சோதனைக் குழாயைப் பொத்திப் பிடித்த அதே வியர்வை. டெஸ்க்கின் அடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல இருந்தது. அந்தக் கையை அவள் தூக்கினாள். முதலில் சண்முகவேல்தான் பார்த்தான். “மிஸ்ஸே டவுட் கேக்குறாங்கடா” என்று அவன் சொன்னதும் பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின, ஒரு சிரிப்பு முன்வரிசை வரை ஓடி நின்றது. சுகிர்தா அவளைப் பார்த்தாள். மின்விசிறி கடகடவென்றது. மாரீஸ்வரி எழுந்து நின்று, பிள்ளைகள் நிற்பது மாதிரி டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, மின்விசிறிக்கு மேலே கேட்கும்படி, “மிஸ், எனக்கு ஒரு சந்தேகம். இவங்களுக்கு அடிக்கணும்னு சொல்லிக் குடுத்தது நான்தான். ஆனா மெர்குரஸ்ல மெர்குரி தனியா வருமா, ரெண்டு ரெண்டா சேர்ந்து வருமா? அதை நான் இவங்களுக்குச் சொல்லவே இல்ல. நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

மேடம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர்கள் அப்படியே திரும்ப உட்கார்ந்தார்கள். கனிஷ்கா மூடிய நோட்டை மறுபடி திறந்தாள். சுகிர்தா மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்; சற்றுமுன் கூப்பிட்டபோது வராதது இப்போது அவள் கண்ணில் வந்து சேர்ந்தது. போர்டுப் பக்கம் திரும்பி, இந்தத் தடவை டஸ்டரை எடுத்து HgCl என்பதை முழுக்க அழித்தாள். கையை நன்றாக மேலே உயர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு Hg எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.